மேகக்காரர்களுக்கு ஒரு பதில்

முதலில் உங்கள் மேல் இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விஷயத்துக்கு வரலாம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் அனுப்பிய கதை வரைவைப் படித்தேன். இரண்டு சூரியன் இருக்கிறது, மிதக்கும் ஊர் இருக்கிறது, நாலு கை மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிரகம் முழுக்க ஒரே மொழி! பனிப்பாலைவனத்துக்காரனும் நடுக்கடல் தீவுக்காரியும் பார்த்த மாத்திரத்தில் குசலம் விசாரித்துக்கொள்கிறார்கள். ஏன் கண்ணுகளா, வத்தலக்குண்டில் பஸ் ஏறிக் கொடைக்கானலில் இறங்குவதற்குள் எத்தனை தமிழ் காதில் விழுகிறது? கீழே கண்டக்டர் "வெரசா ஏறுங்க, சோலி கெடக்கு" என்பார். மேலே லாட்ஜ் வாசலில் நிற்பவர் "சார், ரூம் வேணுமா, வியூ சூப்பரா இருக்கும்" என்பார். ஒரு மலைக்கே இந்தப் பாடு. ஒரு கிரகத்துக்கு ஒரே மொழி கொடுப்பது சோம்பேறித்தனம். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இல்லாத மக்களுக்கு மொழி உண்டாக்குவதே என் பிழைப்பாக இருந்தது. இப்போது ஓய்வு. ஒலிகளைத் தேர்ந்தெடுப்பது, சொற்களைப் பெருக்குவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும், அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. என்னை இந்தத் தொழிலுக்குள் இழுத்துவிட்டவர் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இவங்க எங்க நின்னு பேசுறாங்க?" பதில் இல்லையென்றால் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது பூம்பாறைக்கு மேலே, ஒரு மத்தியான நேரத்தில்.

ஓடிடிக்காக ஒரு கற்பனைத் தொடர் எடுத்தார்கள். கதையில் ஒரு மலை, அதில் நான்கு கூட்டத்தார். முகட்டில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், ஆகவே முகட்டுக்காரர் பேச்சை வெட்டு வெட்டாக, அடித்தொண்டையில் வைத்தேன். சரிவுக்காரர் பள்ளத்தாக்கைத் தாண்டிக் குரல் கொடுக்க வேண்டியவர்கள், அவர்கள் பேச்சு நீட்டி முழக்கி வரும். ஓடைக்காரருக்குத் தண்ணீர் இரைச்சல், அதனால் கீச்சுக்குரல், பாதி சீழ்க்கை. நாலாவது கூட்டம் மேகக்காரர். அவர்களுக்கு நிலையான இடம் கிடையாது. மேகம் எங்கே இறங்குகிறதோ அங்கே இருப்பார்கள். மேகத்துக்குள் கண் தெரியாது, ஆனால் ஆள் பக்கத்திலேயே இருப்பான், கத்த வேண்டியதில்லை. அவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவதாக வைத்தேன். திடுக்கிட்டால் நாம் மூச்சை வெடுக்கென்று இழுப்போமே, அந்த மாதிரி.

நாலு கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு வழக்கமும் வைத்தேன். மேகம் இறங்கிவிட்டால் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தன் கூட்டத்தின் கூப்பாட்டைத்தான் கொடுக்க வேண்டும். கேட்டவர், கூப்பிட்டவருடைய மொழியில் பதில் கொடுக்க வேண்டும். பதிலுக்கு 'வருகிறேன்' என்று பொருள். பதில் சொல்லிவிட்டால் அந்தக் குரலை நோக்கி நடந்தே ஆக வேண்டும். பதில் கிடைக்கும்வரை கூப்பிடுகிறவர் நிறுத்தக் கூடாது.

மேகக்காரருக்குக் கூப்பாட்டை மட்டும் முடித்திருந்தேன். பதிலைச் செய்வதற்குள் தயாரிப்பாளர் போன் பண்ணினார். "மேடம், நாலு லாங்வேஜ் ஓவரு. அந்த மேகக்காரங்களத் தூக்கிருங்க." நான் சண்டை போட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. ஒரு போன் பேச்சில் ஒரு கூட்டமே இல்லாமல் போயிற்று. அந்தக் கூப்பாட்டை நான் சென்னை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்ததோடு சரி. யாருக்கும் சொல்லித் தரவில்லை. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பூம்பாறையைத் தாண்டி ஒரு புல்வெளியில் படப்பிடிப்பு. ஒரு பக்கம் பைன் காடு, ஒரு பக்கம் பாறை விளிம்பு. விளிம்புக்கு அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். துணை நடிகர்கள் எல்லாம் உள்ளூர் ஆட்கள். பூண்டு வயலில் வேலை பார்க்கிற பெண்கள், ஜீப் டிரைவர்கள், கடைக்காரர்கள். நான் சொல்லிக் கொடுப்பதால் எல்லோருக்கும் நான் டீச்சர்.

அதில் ஒருத்தி செல்வராணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். புருஷன் இல்லை, மகள் திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். செல்வராணிக்குச் சரிவுக்காரி வேஷம். முதுகில் விறகுக் கூடையோடு நடந்து போக வேண்டும். என்ன காதுங்கிறீர்கள் அவளுக்கு! ஒரு தடவை சொன்னால் போதும், என் இருமலையும் சேர்த்துத் திருப்பிச் சொல்லுவாள்.

இன்னொருவர் காதர் பாய். கொடைக்கானல் பஜாரில் பலசரக்குக் கடை. யூனிட்டுக்குச் சாமான் கொண்டுவந்து இறக்கியவரை, குரலைக் கேட்டு டைரக்டர் முகட்டுக்காரர் தலைவராக்கிவிட்டார். சின்ன வயதில் வத்தலக்குண்டுச் சந்தையில் வாழைத்தார் ஏலம் விட்ட தொண்டை அது. டீ வந்துவிட்டால் முகட்டுக் கூப்பாடு கொடுப்பார். ஓடைக்காரக் கூட்டம் முழுக்க முகட்டு மொழியில் பதில் சொல்லிக்கொண்டு டம்ளரோடு ஓடிவரும். பதில் சொல்லாமல் வந்தவனுக்கு டீ கிடையாது. "ஏலே, வருதேன்னு சொல்லாம வந்து நிக்கிற, நீ என்ன பேயா?" என்பார். அந்த வழக்கம் அப்படித்தான் எல்லோருக்கும் உடம்பில் ஊறிப்போயிற்று.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஷாட். செல்வராணி கூடையோடு புல்வெளியைக் கடந்து தூரமாகப் போக வேண்டும். போனாள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே பைன் காட்டுப் பக்கமிருந்து மேகம் இறங்கியது. அந்த ஊரில் அது அதிசயமில்லை. ஆனால் அன்றைக்கு இறங்கியது வேறு தினுசு. என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. "பேக்கப்!" என்றார்கள். வேனுக்கு வந்து ஆள் எண்ணிப் பார்த்தால் செல்வராணி இல்லை. வேஷம் போட்டவர்கள் போனெல்லாம் உடுப்பு வேனில் வைத்திருந்தோம். அவளுடையதும் அங்கேதான் கிடந்தது.

ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். "செல்வராணீ! இந்தப் பக்கம்!" இந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? பள்ளத்துக்கு எதிரே இருக்கிற பாறைச் சுவர் ஒவ்வொரு கத்தலையும் திருப்பி அனுப்பியது. எங்களுக்கே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. இணை இயக்குநர் பிரவீன் நல்ல பையன்தான், பதற்றத்தில் மெகாபோனை எடுத்துக்கொண்டு அவள் பெயரைக் கத்தினான். அது பாறையில் மோதிப் பள்ளத்துக்குள்ளிருந்து இன்னும் பலமாக வந்தது. பள்ளமே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

நான் போய் மெகாபோனைப் பிடுங்கினேன்.

"எல்லாரும் வாயை மூடுங்க!"

"டீச்சர், ஒரு உயிரு அங்க கெடக்கு!" என்றான் பிரவீன்.

"அதனாலதான் சொல்றேன். முகட்டுக்காரங்க உங்க பாறைக்குப் போங்க. சரிவுக்காரங்க வேன் பாதையில நில்லுங்க. ஓடைக்காரங்க சின்னப் பாலத்துக்குப் போங்க. ஷூட்டிங்ல நிக்கிற அதே எடம். கையக் கோத்துக்கிட்டுப் போங்க. ஒவ்வொருத்தரா கூப்பாடு குடுங்க. ஒருத்தர் குடுத்தா மத்தவங்க மூச்சு விடக் கூடாது."

"இது ஷூட்டிங் இல்ல டீச்சர்!" பிரவீன் மெகாபோனுக்குக் கை நீட்டினான். "வெளையாடுற நேரமா இது?"

நியாயமான கேள்வி. நான் சொல்வது தப்பாக இருந்தால் அவள் ஒரு கூப்பாட்டை நோக்கி நடந்து விளிம்பைத் தாண்டிவிடுவாள், அது என் வாயால் நடந்ததாக ஆகும். ஆனால் நாங்கள் எல்லோரும் ஒரே மொழியில் கத்தும்வரை அவளுக்குத் திசை கிடையாது. முகட்டுக் கூப்பாடு எந்தப் பாறையிலிருந்து வரும், ஓடைக் கூப்பாடு எந்தப் பாலத்திலிருந்து வரும் என்பது அவளுக்குத் தினமும் கேட்டுப் பழகியது. ஒரு கூப்பாட்டுக்கு அப்புறம் அமைதி இருந்தால், முதலில் வந்தது ஆள், பின்னால் வந்தது பாறை என்று பிரிந்து தெரியும். அவள் கொடுக்கும் பதிலை வைத்து எதைக் கேட்டாள் என்று நாங்களும் தெரிந்துகொள்ளலாம். யோசிக்க நேரமில்லை. காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார். "டீச்சரம்மா சொல்றபடி செய்ங்கப்பா" என்று சொல்லிவிட்டு முகட்டுப் பாறைக்கு நடந்தார்.

முகட்டுக் கூப்பாடு போயிற்று, பதில் இல்லை. சரிவுக் கூப்பாட்டுக்கும் பதில் இல்லை. ஓடைக் கூப்பாடு கீச்சென்று போயிற்று. பாறை அதைத் திருப்பித் தந்தது. அப்புறம் எங்கேயோ மேகத்தின் அடியாழத்திலிருந்து சன்னமாக ஒரு பதில் வந்தது, ஓடை மொழியிலேயே. சரிவுக்காரப் பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள், நான் அதட்டி அடக்கினேன். மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். பதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தது. நடுவில் ஒரு முறை நின்றுபோயிற்று. மூன்று கூட்டமும் கூப்பிட்டும் சத்தமே இல்லை. பிறகு மறுபடி ஓடைப் பதில். கடைசியில் பாலத்துப் பக்கம் மேகத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றாள். முதுகில் கூடை அப்படியே இருந்தது, விறகு மட்டும் குறைந்திருந்தது.

கம்பளியைப் போர்த்தி உட்காரவைத்தோம். காதர் பாய் டீயை ஆற்றிக் கொடுத்தார். பிரவீன் என் காலில் விழாத குறை. நானும் உள்ளுக்குள் என்னை மெச்சிக்கொண்டிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். செல்வராணி டீயைக் குடித்து முடித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டீச்சர், நாலாவதா கூப்புட்டது யாருங்க?"

"மூணு கூட்டம்தானம்மா."

"இல்லைங்க. நடுவுல ஒண்ணு கூப்புட்டுச்சு. ரொம்பக் கிட்டக்க. காது மடல்ல காத்து பட்டுச்சு." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாயைச் சற்றே திறந்து, மூச்சை உள்ளே இழுத்தபடி அதைச் சொல்லிக் காட்டினாள்.

சென்னையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் உண்டாக்கிய கூப்பாடு. தொடக்கம், நடுவில் ஒரு தடை, முடிவில் சின்ன ஏற்றம். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"நீ என்ன பண்ணினே?"

"பதில் சொல்லணும்ல, அதான வழக்கம். ஆனா அந்தப் பாஷைக்குப் பதில் நீங்க சொல்லித் தரலைங்களே. தெரியாம அப்பிடியே நின்னுட்டேன். அப்பதான் கூடையிலேர்ந்து ஒரு வெறகு நழுவிருச்சு. விழுந்த சத்தமே கேக்கல டீச்சர். அடுத்த எட்டுல பள்ளம்." அவள் டம்ளரை இறுக்கிப் பிடித்திருந்தாள். "பதில் தெரிஞ்சிருந்தா போயிருப்பேன்."

நீங்கள் சிரிக்கிறீர்களோ என்னவோ. நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. அவள் எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்று எல்லா வழியிலும் யோசித்துப் பார்த்தேன். தூக்கத்தில் உளறினேனா? நான் தங்கியிருந்தது கொடைக்கானலில், அவள் வீடு எங்கேயோ. காற்று பாறையில் புகுந்து வரும் சத்தமா? காற்றுக்கு நான் வைத்த தடையும் ஏற்றமும் எப்படித் தெரியும்? எந்த வழியும் முட்டுச்சந்தில் போய் நின்றது.

படப்பிடிப்பு முடிந்து யூனிட் இறங்கிப் போயிற்று. நான் ஓய்வுக்காகக் கொடைக்கானலிலேயே சில மாதம் தங்கினேன். ஒரு நாள் சாமான் வாங்கப் போனபோது காதர் பாய் சொன்னார்: "அந்தப் புள்ள வேலைக்கே போறதில்ல டீச்சரம்மா. வெள்ளனே கெளம்புது, மேகத்தப் பாத்ததும் திரும்பிருது. மேஸ்திரி வேற ஆளப் போடப் போறாராம். மக படிப்பு என்னாகுறது?"

அன்றே போனேன். செல்வராணி வீட்டுக் கதவை, ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாக இளைத்துவிட்டாள்.

"நிறுத்த மாட்டேங்குது டீச்சர். மேகம் எறங்குனா வந்துருது. கோவமா இல்ல. கெஞ்சுறாப்புல இருக்கு. பதில் கெடைக்கிற வரைக்கும் கூப்புடணும்னு நீங்கதான வச்சீங்க? அது வழக்கத்த மீறாம நிக்குது. எனக்குப் பதில மட்டும் சொல்லிக் குடுங்களேன்."

வாய்க்கு வந்த ஏதாவது ஒரு சத்தத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் மனசு ஆறிவிடும், சோலி முடிந்தது. ஆனால் அவள் காதை ஏமாற்ற முடியாது. உண்மையான பதிலைச் செய்தாலோ, பதிலென்றால் 'வருகிறேன்' என்று நானே வைத்திருக்கிறேன். அதை அவள் வாயில் கொடுத்து எங்கே அனுப்புவேன்? அவள் பூண்டு வயலும் அடுக்கடுக்காக இறங்கும் சரிவுதானே. "ரெண்டு நாள் பொறு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதுவரை நான் உண்டாக்கிய சொற்களெல்லாம் காசுக்காக, கேமராவுக்காக. இது ஒரே ஒருத்தியின் சோற்றுக்காக. அறையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். 'வா' என்று பொருள் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. 'போ' என்று வைக்கலாம் என்றால், இடமே கொடுக்காமல் ஒரு கூட்டத்தை உண்டாக்கிவிட்டு எங்கே போகச் சொல்வது? "இவங்க எங்க நின்னு பேசுறாங்க?" என்ற அந்தக் கேள்வி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பொருளை முடிவு செய்தேன்: 'கேட்டது. நான் இங்கேதான் நிற்கிறேன்.' அவ்வளவுதான். கூப்பாடு உள்மூச்சில் வருவதால், பதிலை வெளிமூச்சில் வைத்தேன். இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு மூச்சு.

காதர் பாய் ஜீப்பில் மூவருமாக அந்தப் புல்வெளிக்குப் போனோம். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றோம். நான் செல்வராணி கையைப் பிடித்துக்கொண்டேன். காதர் பாய் எங்கள் இரண்டு பேர் முந்தானையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். "என் பொண்டாட்டி பாத்தா என்ன நெனப்பா" என்று முனகினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேகம் இறங்கியது. பைன் காடு மறைந்தது, ஜீப் மறைந்தது, காதர் பாயும் மறைந்தார். முந்தானையில் இழுப்பு மட்டும் இருந்தது. திடீரென்று செல்வராணி கை விறைத்தது.

"வந்துருச்சு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் இடது காது மடல் மட்டும் சில்லிட்டது. அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். "நில்லு" என்றேன். "வர்றேன்னு சொல்லாத. நான் சொல்லிக் குடுத்தத மட்டும் சொல்லு." அவள் நின்றாள். நெஞ்சு நிறைய இழுத்து, வெதுவெதுப்பாக வெளியே விட்டபடி அந்தச் சொல்லைச் சொன்னாள். பாறை அதைத் திருப்பித் தரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நின்னுருச்சு" என்றாள். அப்புறம் புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். மேகத்துக்குள்ளிருந்து காதர் பாய், "என்னாச்சு, விடலாமா வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் அவள் வேலைக்குப் போய்விட்டாள். மகள் படிப்பை முடித்து மதுரையில் நர்ஸாக இருக்கிறாள்.

ஆகவே, புதிதாக வந்திருக்கிறவர்களே, ஒரு கூட்டத்தை உண்டாக்கினால் அவர்கள் நிற்க இடம் கொடுங்கள். கூப்பிடச் சொல்லிக்கொடுத்தால் பதிலையும் கையோடு செய்துவிடுங்கள். மேலிடம் அவர்களை வெட்டச் சொன்னால், வெட்டுவதற்கு முன்னால் அந்தப் பதிலை ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

போன மாதம் பூம்பாறைக்குப் போயிருந்தேன். செல்வராணி பூண்டு வயலில் இருந்தாள், கூடப் பத்துப் பதினைந்து பெண்கள். நான் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே மேகம் இறங்கியது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அந்தச் சொல்லை வெளிமூச்சில் விட்டார்கள், எல்லோருமாக. பிறகு குனிந்து வேலையைப் பார்த்தார்கள்.

"இன்னமும் கூப்புடுதா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க டீச்சர்." செல்வராணி பூண்டை மண் தட்டிக் கூடையில் போட்டாள். "கூப்புடுறதெல்லாம் அப்பவே நின்னுருச்சு. இப்ப பேசுது."

பக்கத்துப் பாத்தியில் ஒருத்தி எதற்கோ சிரித்தாள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அவள் ஏதோ சொன்னாள், நீளமாக. இன்னொருத்தி அதே மாதிரி பதில் சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அந்த மொழியில் நான் உண்டாக்கியது ஒரு கூப்பாடும் ஒரு பதிலும் மட்டும்தான்.